காப்புக் கட்டுவதற்கு முன்

அன்றைக்குக் கோவிலில் சாப்பிட்ட ஒருவர்கூடப் பாயசத்தைக் குறை சொல்லவில்லை. ஜவ்வரிசி குழையாமல், வெல்லம் திகட்டாமல் அப்படி அமைவது எல்லா விசேஷத்திலும் நடப்பதில்லை. பின்னால் வந்த சேதியால் சாப்பாட்டைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை என்பது வேறு விஷயம். சமையற்காரர் பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

என் பெயர் மருதமுத்து. மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருக்கிறேன். இறந்துபோன மாணிக்கவாசகம் என் அண்ணன். அண்ணன் என்றால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்துக்கு அண்ணன். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். முதலில் வந்தவருக்கு அப்பா ஆசை ஆசையாக யோசித்து வைத்திருந்த பெரிய பெயரைச் சூட்டிவிட்டார். இன்னொன்று வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அந்த அவசரத்தில் வாய்க்கு வந்த பெயர். ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள், என்னைச் சின்னவர் என்பார்கள். தலை முழுக்க நரைத்த பிறகும் நான் சின்னவர்தான்.

இதை வைத்து நான் பொறாமைக்காரன் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. கல்யாணமாகியும் நாங்கள் தனிக் குடித்தனம் போனதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் துறைமுக ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றார். நான் நில அளவைக்காரர்களின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததே இல்லை. சந்திரமதியைக் கேட்டுப் பாருங்கள், சொல்வாள். அவள் என் மனைவி. இப்போது பேச மாட்டேன் என்கிறாள், பிறகு சொல்வாள்.

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. இதை மொழிபெயர்க்கும் தம்பிக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். எங்களில் ஓர் ஆணுக்கு அறுபது நிறைந்தால் தன் மனைவிக்கே இரண்டாம் முறை தாலி கட்டுவான். அக்கினி, மாலை, மேளம் எல்லாம் உண்டு. எங்கள் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பெயர். பிறந்த வருஷத்தின் பெயர் அறுபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வரும். நாங்கள் பிறந்தது விளம்பி, இந்த வருஷமும் விளம்பி. ஆவணி மாதம், உத்திரட்டாதி நட்சத்திரம். அந்த நாள் போனால் போனதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு கல்யாணம் ஆகாது. ஒன்று விளங்கினால் மற்றது விளங்காது என்பார்கள். எங்கள் வாலிபத்தில் இருவருக்கும் ஒரே மாதத்தில் பெண் அமைந்தது. பெரியவருக்கு முதலில் என்றார்கள், நியாயந்தான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் நாதஸ்வரக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அந்தக் கல்யாணத்தை மலாக்காவில் வெகு காலம் பேசினார்கள். எனக்கு அடுத்த வருஷம் என்றார்கள். அடுத்த வருஷம் அப்பா இறந்தார். அதற்கு அடுத்த வருஷம் அம்மா. பெண் வீட்டார் இனிமேல் பொறுக்க மாட்டோம் என்று சொல்லிவிட, அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்று சந்திரமதிக்குத் தாலி கட்டினேன். துக்கம் நடந்த வருஷம், மேளம் கூடாது. அண்ணி பாக்கியலட்சுமி மட்டும் மனசு கேட்காமல் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை விரலால் தட்டினார். அதுதான் எங்கள் கெட்டிமேளம்.

அன்றைக்குச் சாயங்காலமே சந்திரமதி சிரித்துக்கொண்டு, "போகுது விடுங்க, அறுபதாம் கல்யாணத்துல சேர்த்து வாசிச்சுக்கலாம்" என்றாள். முதலில் அது விளையாட்டுப் பேச்சாகத்தான் இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை கல்யாணத்தில் மேளம் கேட்கும் வழியும் இல்லை. நாள் ஆக ஆக அது விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. அவள் ஒரு அரக்குப் பட்டு வாங்கி வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவில் குருக்களிடம் நாங்கள் நான்கு பேரும் போனோம். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி புரட்டினார். "ரெண்டும் கல்யாணந்தானே. ஒரே வருஷத்துல கூடாது. பெரியவருக்குப் பண்ணிடுவோம். சின்னவர் எழுபதுல பீமரத சாந்தி பண்ணிக்கலாமே, அதுவும் விசேஷந்தான்" என்றார். எழுபதிலும் நாங்கள் இரட்டையராகத்தான் இருப்போம் என்பதை அவர் யோசிக்கவில்லை. நான் தலையாட்டினேன். சந்திரமதி தெருவுக்கு வந்ததும் செருப்பை மாட்டாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டாள். நான்தான் திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.

அண்ணன் நல்லவர். இதை நான் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "டேய் மருது, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதடா. உன் பொறந்தநாளுக்கு நான் ஒண்ணு செய்யறேன். உன்கிட்ட அந்தக் கூடாரம் இருக்குல்ல, அதை எடு. தீவுக்குப் போவோம். நீயும் நானும் மட்டும். வெள்ளைக்காரன் கொண்டாடுற மாதிரி கொண்டாடிட்டு வருவோம்" என்றார்.

கூடாரம் இருந்தது உண்மைதான். கிடங்கில் கழித்துக் கட்டியதை ஓய்வு பெறும்போது எனக்குத் தந்திருந்தார்கள். ஆக, அவருக்கு மணவறை, எனக்குக் கூடாரம். வீட்டில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நானும் நல்ல யோசனை என்றேன். சந்திரமதி பட்டுப்புடவையை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "போயிட்டு வாங்க. கடல் காத்து உடம்புக்கு நல்லது" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசேஷம் ஞாயிற்றுக்கிழமை காலை. மலாயா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் நிறைகிற நாளும் அதுதான். வெள்ளிக்கிழமை பிற்பகல் நாங்கள் ஆற்றுமுகத்தில் நாகூர் மீரான் பாயின் மோட்டார் படகில் ஏறினோம். ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மீரான் பாய் புலாவ் பெசார் தீவில் அடங்கியிருக்கும் முஸ்லிம் பெரியார்களைத் தரிசிக்க ஆட்களை ஏற்றிப் போகிறவர். அந்தத் தீவுகளுக்குப் பன்றி இறைச்சி கொண்டுபோகக் கூடாது. தின்றவன் படகில் ஏறினாலும் கடல் சும்மா விடாது என்பது அவர் நம்பிக்கை. ஏறுகிற ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் ஏற்றுவார். என்னைக் கேட்டார். அண்ணனைப் பார்த்து, "பெரியவரைக் கேக்க வேண்டியதில்ல" என்று சிரித்தார். அண்ணன் நாற்பது வயதில் சைவமானவர். முட்டை பொரித்த சட்டியில் தோசை வார்த்தால்கூடத் தொட மாட்டார்.

நாங்கள் இறங்கியது புலாவ் பெசாரை அடுத்துக் கிடக்கும் ஒரு குட்டித் தீவு. வீடு இல்லை, கிணறு இல்லை, கொஞ்சம் தென்னை, கொஞ்சம் பாறை. இரண்டு தீவுக்கும் நடுவே கடல் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. எதிர்க் கரையில் மனிதர் நடமாடுவது தெரியும், கூப்பிட்டால் கேட்காது. மணலில் முளை நிற்காது, அதனால் கயிறுகளைத் தென்னையில் இழுத்துக் கட்டினேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டி உப்புமா கிண்டினார். அடிபிடித்திருந்தது. இருவரும் சட்டியைச் சுரண்டித் தின்றோம். சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் செய்த விஷமங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையில் அது எனக்குச் சந்தோஷமான மாலை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அவரை வெறுத்தேன் என்று நினைப்பீர்கள்.

பிறகு அவர் என் தோளில் கைபோட்டு, "உன்னை நான் சும்மா விடுவேனா? ஞாயித்துக்கிழமை மணையில நான் உக்காந்ததும் அட்சதைத் தட்டு உன் கையிலதான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

அட்சதைத் தட்டு என்றால் மஞ்சள் கலந்த அரிசி வைத்த தட்டு. வந்தவர்களுக்கு அதை நீட்டிக்கொண்டே போக வேண்டும், அவர்கள் ஒரு பிடி எடுத்து மணமக்கள் மேல் போடுவார்கள். கல்யாண வீட்டில் அதைச் சின்னப் பெண்களிடம் கொடுப்பது வழக்கம். அவர் அன்பாகத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. இந்த எண்ணம் எனக்கு வந்தது அந்த நேரத்தில்தான், அதற்கு முன்னால் இல்லை.

சனிக்கிழமை காலை மீரான் பாய் புலாவ் பெசாரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் எங்கள் கரையில் நின்றார். மாலைக்கும் வாழை இலைக்கும் சொல்ல வேண்டும், நான் முன்னால் போகிறேன் என்றேன். அண்ணனுக்கு இன்னும் ஒரு முறை கடலில் குளித்துவிட்டுத் தூங்க வேண்டும் போலிருந்தது. பிற்பகலில் வந்து அழைத்துப்போவதாக மீரான் பாய் அவரிடம் வாக்குக் கொடுத்தார். மீரான் பாய் வாக்குக் கொடுத்தால் தவற மாட்டார். வேறு படகு ஏற்பாடாகிவிட்டது என்று நான் வெறுமனே சொன்னால், எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று போய்விடுவார். ஆகவே ஆற்றுமுகத்தில் ஆட்கள் இறங்கிய பிறகு அவரைத் தனியாக அழைத்தேன்.

"பாய், சொன்னா மனசு சங்கடப்படுவீங்க. அண்ணன் நேத்து ஒரு டின்னைத் திறந்தாரு. சீனன் கடை டின். பன்றி."

"அஸ்தஃபிருல்லா" என்று அவர் இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டார். "அவரு சைவக்காரராச்சே, சின்னவரே."

"சைவக்காரர்தான் பாய். வீட்டுல முடியுமா? அதான் தீவுக்குப் போவோம்னாரு."

அவர் நம்பிவிட்டார். சைவக்காரரைப் பற்றி எதைச் சொன்னாலும் ஜனங்கள் சுலபமாக நம்பிவிடுகிறார்கள். படகை மூன்று தடவை கழுவினார். வியாழக்கிழமை பாத்திஹா ஓதிய பிறகுதான் அந்தப் பக்கம் போவேன் என்றார். தெரிந்த சீனர் ஒருவர் சாயங்காலம் போய் அண்ணனை அழைத்துவருவார் என்று நான் சொன்னதும் நிம்மதியானார். அண்ணன் மானம் போய்விடும், யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டதால் மத்தியானத்துக்குள் துறை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் படகுக்காரரும் அந்தத் தீவுப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். மீரான் பாயை நீங்கள் ஒன்றும் செய்யக் கூடாது. அவர் தம் நம்பிக்கைப்படி நடந்தார்.

வீட்டில், அண்ணன் காலை வெளிச்சத்தில் படகேறி நேராகக் கோவிலுக்கே வந்துவிடுவார் என்று சொன்னேன். அண்ணி கவலைப்படவில்லை. "அவர் ஒரு நாளும் எதுக்கும் பிந்தினதில்ல" என்றார். அது உண்மை. ஆபீசில் அவர் உள்ளே நுழைவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். காலையில் சந்திரமதியிடம் அரக்குப் பட்டை உடுத்திக்கொள் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. கலசங்கள் வைத்தாயிற்று, நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் நெருங்க நெருங்கக் குருக்கள் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. எல்லோரும் நன்றாகத் தவித்த பிறகு, வந்தவர்கள் திரும்பிப் போகக் கூடாதே என்ற கவலையில் ஒரு வார்த்தை சொன்னேன். நட்சத்திரம் ஒன்று, ராசி ஒன்று, கோத்திரம் ஒன்று. சங்கல்பத்தில் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். குருக்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பகவானே வழி விட்டார்" என்றார். அண்ணி மட்டும், "இன்னும் கொஞ்சம் பொறுங்க, வந்துருவார்" என்றார். முகூர்த்தம் பொறுக்காதே என்று பெரியவர்கள் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். பிறகு அவரே, "சரி, இந்த வீட்டுல யாருக்காவது நடக்கட்டும்" என்று தன் கையாலேயே சந்திரமதியின் தலையில் பூ வைத்தார்.

நான் மணையில் உட்காரப் போகும்போது வாசலில் மீரான் பாய் நின்றார். சாரம் நனைந்து முழங்காலோடு ஒட்டியிருந்தது. என்னை வரச் சொல்லிக் கை காட்டினார். போனேன்.

"மனசு கேக்கல, சின்னவரே. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு, ஆனது ஆகட்டும்னு படகை எடுத்துட்டேன். பெரியவரு பெசார் பக்கத்துப் பாறையில கிடக்காரு. உசுரு இல்ல, மவுத்தாயிட்டாரு. வேட்டியைத் தலைப்பா கட்டி அதுக்குள்ள கைக்கடிகாரத்தை வெச்சிருக்காரு, நனையக் கூடாதுன்னு."

அவர் குலுங்கி அழுதார். உள்ளே பெண்கள் இருக்கிறார்கள், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பள்ளிவாசல் அதே தெருவில்தான், சில கதவுகள் தள்ளி. அங்கே குளத்தடியில் காத்திருங்கள், பந்தி முடிந்ததும் வருகிறேன் என்றேன். நல்ல மனிதர். போய்க் காத்திருந்தார்.

நான் உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தேன். குருக்கள் மஞ்சள் கயிற்றை எடுத்து என் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினார். கலச நீர் ஊற்றினார்கள். மேளம் கொட்டியது. நான் தாலி கட்டினேன். கெட்டிமேளம் எப்படி இருக்கும் என்பதைக் கிட்டத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும், நெஞ்சுக்குள்ளேயே கொட்டுகிறது. சந்திரமதி அழுதாள். நான் அழுதேன். அறுபது வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை.

முடிந்ததும் வீட்டுக்கு மூத்த சுமங்கலி என்று அண்ணியின் காலில் விழுந்தோம். அவர் தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு, பிறகு தட்டிலிருந்து எடுத்துச் சந்திரமதிக்கு வைத்து, "என்னை மாதிரி தீர்க்க சுமங்கலியா இரு" என்றார். நான் தடுக்கவில்லை. அவர் இன்னும் கேள்விப்படவில்லை அல்லவா. பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எல்லா இலைக்கும் அவரே நெய் பரிமாறினார்.

பந்தி முடிந்து சொன்னேன். அண்ணி விழுந்த விதத்தை உங்களிடம் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள், நான் சொல்ல வேண்டாம். விஷயம் வெளியே வந்தது மறுநாள். மீரான் பாய் வீட்டுக்கு வந்து, பன்றி தின்றார் என்று கேட்டதால்தான் சொன்ன நேரத்துக்குப் போகாமல் விட்டேன், பாவியாகிவிட்டேன் என்று அண்ணியிடம் அழுதார். அண்ணி, "முட்டைகூடத் தொட மாட்டாரே" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவர் மேல் விரல்கூட வைக்கவில்லை. நான் நினைத்ததெல்லாம் அவர் ஒரே ஒரு நாள், ஆயுசில் ஒரே ஒரு தடவை, பிந்த வேண்டும் என்பதுதான். பிந்தி வந்திருந்தால் நடந்தது நடந்துவிட்டது என்று என்னைக் கட்டிக்கொண்டு சிரித்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

ஆனால் ஒன்றை நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை அவர் எதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டு, "படகு வரலேன்னா என்னடா பண்றது?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். "விடியக்காலையில தண்ணி வத்தும் அண்ணே, இடுப்பளவுதான். மலாய்க்காரங்க நடந்தே போவாங்க" என்றேன். அவருக்கு நீச்சல் தெரியாது. அங்கே தண்ணீர் வற்றுவது உண்மை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வற்றாது, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த இடத்தில் இழுப்பு அதிகம். உம்பாய்க் கரையில் ஒரு மீனவர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். அவரை நான் போய்க் கேட்டது அதற்கு முந்தின வாரம். அட்சதைத் தட்டுப் பேச்சு வருவதற்கு முன்னால்தான். ஆமாம். நான்தான் செய்தேன். அவர் எப்படியும் நேரத்துக்கு வரப் பார்ப்பார் என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள், கைநாட்டுக் கேட்டால் அதுவும் வைக்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உதவ வேண்டும். பங்காளி செத்த சேதி காதில் விழுந்தால் தீட்டு. தீட்டோடு கட்டிய தாலி தாலியே இல்லை என்கிறார் குருக்கள். கேட்ட பிறகு தலையில் கலச நீர் விழுந்ததே என்று வாதாடிப் பார்த்தேன், அதெல்லாம் ஒரு குளியலில் போகிற தீட்டு இல்லையாம். ஆனால் கையில் காப்பு ஏறிவிட்டால் பிறகு எந்தத் தீட்டும் ஒட்டாது, அது சாஸ்திரம். குருக்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து சந்திரமதி கழுத்திலிருந்து புதுத் தாலியைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். பழையதே போதும் என்கிறாளாம்.

அதனால் மீரான் பாய் வந்தது நான் காப்புக் கட்டிக்கொண்ட பிறகு என்று மாற்றி எழுதிவிடுங்கள். சின்ன மாற்றந்தான். அண்ணனுக்கு அதனால் ஒரு குறையும் வரப்போவதில்லை.